லாபம், ரெண்டு

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லு. அதற்குத் தலை எது வால் எது என்று தெரியாது. ஐயாயிரம் வருஷமாக ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறது. அதன் தோலில் மூன்றே மூன்று இடத்தில் குத்திப் பார்க்க உனக்கு அனுமதி உண்டு. குத்தினால் கத்தாது, நெளியாது, ரத்தமும் வராது. அது கத்தாமல் இருந்ததை வைத்துக்கொண்டே, அதன் முதுகில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது என்ன? காலையில் கார் ஓட்டிக்கொண்டே இதைக் கமலியிடம் போட்டேன். ஒன்பது வயதுக்கு இது கடினம் என்று நினைத்தேன். அவள் காகிதக் கொடியைக் குச்சியில் ஒட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மண்ணு. ஈஸி. உன் வேலைதானேம்மா" என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "குத்தாத இடத்துல என்ன இருக்கும்?" என்று கேட்டாள். நான் எதிரே வந்த மீன் வண்டிக்கு ஒதுங்குவதுபோல நேரத்தைக் கடத்தினேன். இப்போது மணி ஒன்பதரை. கோரைத்திட்டின் இந்தக் கரையில், பூவரச மரத்தடியில், காரின் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் உப்பங்கழியின் குறுக்கே புதுச் சாலை போகிறது. நாலு மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி, அதன்மேல் தார் போட்டு, ஆயிரத்து இருநூறு மீட்டர் நேராக, அக்கரைத் தென்னைகளுக்குள் போய் முடிகிறது. பத்தரை மணிக்குத் திறப்பு. ரிப்பன் வெட்டியதும் முதலில் நடக்கப்போவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இருநூற்றுப் பத்துப் பேர். நீல நிறமும் வெள்ளையுமாக அவர்கள் பந்தலுக்குப் பக்கத்தில் சிதறி நிற்கிறார்கள். கமலி எங்கே என்று தேடுகிறேன். எல்லாத் தலையிலும் ஒரே மாதிரி ரிப்பன். "மேடம், மேடைக்கு வாங்க, உங்களுக்குச் சேர் போட்டிருக்கு" என்று ஒரு பையன் வந்து கூப்பிட்டான். வருகிறேன் என்றேன். போகவில்லை. மேடையில் உட்கார்ந்தால் சாலையைப் பார்க்க முடியாது, சாலைக்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள்.

குத்தாத இடத்தில் என்ன இருக்கும். ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மூன்று துளை. இந்தக் கரையில் ஒன்று, நடுவில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். பத்துத் துளை கேட்டேன், மூன்றுக்குத்தான் அனுமதி வந்தது, மூன்று போதும் என்று நானும் சொல்லிவிட்டேன், ஏனென்றால் மூன்றிலும் ஒரே மாதிரி எண்கள் வந்திருந்தன. ஒரே மாதிரி வந்தால் மனதுக்கு எவ்வளவு நிம்மதி. மேலே அரை மீட்டர் மணல். பிறகு கறுப்புக் களிமண். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் கெட்டி மண். துளைக்கும் துளைக்கும் இடையில் நான் பென்சிலால் கோடு இழுத்தேன். பார்த்ததற்கு முழுக்கோடு, பார்க்காததற்கு விட்டுவிட்டுப் போகும் கோடு, அந்தக் கோட்டின்மேல் அங்கங்கே சின்னக் கேள்விக்குறி. எங்கள் வேலையில் அப்படித்தான் வழக்கம். அறிக்கை அச்சாகி வந்தபோது கேள்விக்குறிகள் இல்லை. படம் வரைகிற பெண், "அசிங்கமா இருந்துச்சு மேடம், எடுத்துட்டேன். கோட்டையும் சேர்த்துவிட்டேன், இப்ப பாருங்க, நீட்டா இருக்கு" என்றாள். நீட்டாகத்தான் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படத்தில் களி ஒரு மெத்தையைப் போல, ஒரே தடிமனில், கரை முதல் கரை வரை சாதுவாகக் கிடந்தது. உண்மையில் அதன் அடிவயிறு எங்கே தொங்குகிறது என்று யாருக்குத் தெரியும்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு ஜெபராஜ் ஒரு வீடியோ அனுப்பினான். துளை போட்ட நாட்களில் என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த பையன், இப்போது வேறு ஊரில் வேலை. 'மேடம் வாழ்த்துகள்! நம்ம ரோடு! ஞாபகம் இருக்கா, நடுத் துளை, சன்னாசி அண்ணன்' என்று எழுதியிருந்தான். பத்தொன்பது விநாடி. முக்காலியைப் போல நிற்கும் மூன்று இரும்புக் கால்கள், உச்சியில் கப்பி, கயிறு, இரண்டு ஆட்கள். தரைக்குள் இறங்கும் கம்பி. அதன் தலையில் அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்புக் குண்டு. குண்டை முக்கால் மீட்டர் தூக்கிப் போட வேண்டும். கம்பியில் சாக்பீஸால் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை இறங்க எத்தனை அடி என்று எண்ண வேண்டும். முதல் பதினைந்தைத் தள்ளிவிட்டு, அடுத்த இரண்டையும் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும், எண் பெரிதானால் மண் கெட்டி. அவ்வளவுதான் விஞ்ஞானம். மண்ணைத் தட்டிப் பார்த்துக் கேட்பது. எண்ணுகிறவர் சன்னாசி. தலையில் சிவப்புத் துண்டு, முதுகு மட்டும் தெரிகிறது. துளை போடுகிற வேலைக்கு வருவதற்கு முன்னால் முப்பது வருஷம் நெல் மண்டியில் அளவுகாரராக இருந்தவர். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு, பிறகு மூணு. அவர் இரும்பு அடியையும் அப்படித்தான் எண்ணினார். நான் அதை அலுவலகத்தில் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். வீடியோவில் அவர் குரல் கேட்கிறது. கரகரப்பான, அவசரமில்லாத குரல். "லாபம்." பிறகு 'டங்'. "ரெண்டு." பிறகு, "நிறுத்து, கோடு வந்துட்டு." அவ்வளவுதான். சன்னாசி போன பங்குனியில் இறந்துபோனார். செத்த மனிதரின் குரல் என் உள்ளங்கையில் எண்ணுகிறது. நான் சிரித்தபடி மறுபடி போட்டேன். லாபம். டங். ரெண்டு. மூன்றாவது தடவை போடும்போது என் சிரிப்பு நின்றிருந்தது. ஒரு 'டங்' தான் கேட்கிறது. ரெண்டு என்கிறார், ஆனால் சத்தம் ஒன்றுதான்.

இல்லை, முதல் அடி வீடியோ தொடங்குவதற்கு முன்பே விழுந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். குண்டு விழுந்தது, அவர் லாபம் என்று வாயைத் திறந்தார், பையன் அந்தச் சமயத்தில் பொத்தானை அழுத்தினான். மறுபடி போடுகிறேன். அவர் உள்ளங்கையைக் குண்டின்மேல் வைத்திருக்கிறார். குண்டு கம்பியின் தலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, கயிறு தொய்ந்திருக்கிறது. மாட்டின் நெற்றியில் கை வைப்பதுபோல வைத்துக்கொண்டு லாபம் என்கிறார். பிறகு தலையசைக்கிறார். ஆட்கள் கயிற்றை இழுக்கிறார்கள். தூக்கு, விடு, டங். ரெண்டு. விழுந்த குண்டின்மேல் யாராவது உடனே கையை வைப்பார்களா? சூடாக இருக்கும், அதிரும். விழாத குண்டின்மேல்தான் வைப்பார்கள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். ஒரே ஒரு நாள் இருந்தேன். அன்றைக்கும் இப்படித்தான், காருக்குள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, யாரிடமோ போனில் பேசிக்கொண்டு. கண்ணாடி வழியாக அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சத்தம் முதலில் வந்ததா, லாபம் முதலில் வந்ததா? கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கிறேன். டங், லாபம். இப்படிக் கேட்கிறது. உடனே, லாபம், டங். இப்படியும் கேட்கிறது. நினைவு நான் கேட்கிறபடி எல்லாம் எண்ணிக் காட்டுகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு லாபம். கணக்கில் வருவது இரண்டு கோடு. ஆகவே இரண்டு அடி. விழாத இரண்டு அடி. நடுத் துளையில் ஐந்து மீட்டரிலிருந்து பதினோரு மீட்டர் வரை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்: நாலு, நாலு, நாலு, ஐந்து, நாலு. ஒவ்வொன்றிலும் இரண்டைக் கழி. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. கெட்டி மண்ணில் முப்பது இருபத்தெட்டு ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நாலு இரண்டானால் பாதி போய்விடுகிறது. கமலிக்கே தெரியும் அந்தக் கணக்கு. நாலு என்றால் இந்தச் சாலையின் எடையைப் போல ஒன்றே முக்கால் பங்கு அந்தக் களி தாங்கும். இரண்டு என்றால் சாலையின் எடையையே தாங்காது. பத்துக்கு ஒன்பது பங்குதான் தாங்கும். அப்படியானால் அது விழுந்திருக்க வேண்டுமே. விழவில்லையே. கடைசி மண் கொட்டி இருபத்தாறு நாள் ஆகிறது, நிற்கிறதே. எதன்மேல் நிற்கிறது?

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். போலீஸ்காரர். "யம்மா, வண்டிய இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்க. பெரிய காரெல்லாம் வருது." தள்ளிப் போட்டேன். "ரோடு போட்டவங்க நீங்கதானாமே? எங்க ஊரு பொண்ணுங்க பிரசவத்துக்குப் படகுல போன காலம் முடிஞ்சிச்சு. புண்ணியம் உங்களுக்கு" என்றார். "நான் ரோடு போடலீங்க, மண்ணைத்தான் பார்த்தேன்" என்றேன். "மண்ணுதானே எல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மண்ணுதான் எல்லாம். ஆய்வுக்கூடத்தில், துளையிலிருந்து மண் மாதிரி எடுத்து வந்த குழாயைத் திறந்த நாள். நடுத் துளை, ஒன்பது மீட்டர். கெட்ட முட்டை வாசம் அறை முழுக்கப் பரவியது. கறுப்பு என்று சொன்னால் போதாது, விளக்கை விழுங்குகிற கறுப்பு. அதற்குள் வெள்ளையாகச் சின்னச் சின்னச் சிப்பிகள், இரண்டு மூடியும் பிரியாமல், இன்னும் மூடிக்கொண்டபடி. மேசையில் நிற்க வைத்தேன். உருளையாக நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக, மிக மெதுவாக, தூக்கத்தில் திரும்பிப் படுக்கிறவரைப் போல ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். குழி விழுந்தது. என் ரேகைகூடத் தெரிந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது குழி இல்லை, மூடியிருந்தது. யாரும் தொடவில்லை. அதன் ஈரத்தை அளந்தபோது, களி குழம்பாகிற அளவுக்கும் மேலே இருந்தது. அதாவது எண்ணிக்கைப்படி அது ஏற்கெனவே குழம்பு. அசைக்காத வரைக்கும், தன்னைக் களி என்று நினைத்துக்கொண்டிருக்கிற குழம்பு. அந்த ஓர் எண் எனக்குச் சொல்லத்தான் பார்த்தது. நான் சன்னாசியின் நாலைப் பார்த்தேன், இந்த எண்ணைப் பார்த்தேன். நாலு மூன்று துளைகளிலும் இருந்தது, இது ஒரே ஒரு குழாயில். பெரும்பான்மையை நம்பினேன். குறிப்பில், 'மாதிரி கொண்டுவரும்போது குலுங்கியிருக்கலாம்' என்று எழுதினேன். மூன்று துளைகளையும் எண்ணியது ஒரே வாய் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மூன்று சாட்சி என்று நினைத்தேன். ஒரே சாட்சியை மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

ஜெபராஜைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். "மேடம்! வீடியோ பாத்தீங்களா? செம்மயா இருக்குல்ல?" "ஜெபா, ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லு. சன்னாசி லாபம்னு எப்பச் சொல்லுவாரு? குண்டு விழுந்த பிறகா, முன்னாடியா?" அவன் சிரித்தான். "முன்னாடிதான் மேடம். குண்டை உக்கார வெச்சதும் ஒரு தடவ தொட்டு லாபம்பாரு. அப்புறம்தான் கயிறே இழுக்க விடுவாரு. வெறுங்கையோட தொடங்கக் கூடாதுடா தம்பிம்பாரு. இரும்பு மண்ணு தலையில ஒக்காந்தாச்சு, மண்ணு சும்மாவா இருக்கு, அது பாரம் வாங்குதுல்ல, அதுக்கு ஒரு கணக்கு வெக்க வேண்டாமாம்பாரு. நல்ல மனுசன் மேடம்." "ஒவ்வொரு கோட்டுக்குமா?" "ஒவ்வொரு கோட்டுக்கும். நிறுத்துவாரு, தொடுவாரு, லாபம்." "நீ எதை எழுதினே?" "அவரு கடைசியா சொன்ன நம்பரத்தான் எழுதினேன் மேடம். ஏன்?" கழியிலிருந்து ஒரு பறவை கத்தியது. "மேடம்? அது ஒண்ணுன்னு நெனச்சேன் மேடம். நீங்கதானே சொன்னீங்க, லாபம்னா ஒண்ணுன்னு." ஆமாம், நான்தான் சொன்னேன். முதல் நாள் அவனுக்கு விளக்கம் சொன்னதே நான்தான், பெருமையாக, எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்வதற்காக. "ஒண்ணுமில்ல ஜெபா. சும்மாதான் கேட்டேன்." போனை வைத்தேன். சும்மாதான் கேட்டேன். வாய் எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது, அந்தக் குழியைப் போல.

அறுபது நாள் காத்திருங்கள் என்று எழுதியிருக்கலாம். களிக்கு வேண்டியது அதுதான். மேலே பாரம் ஏற ஏற, உள்ளே இருக்கிற தண்ணீர் கசிந்து வெளியேறும், வெளியேற வெளியேற அது கெட்டிப்படும். பாதி உயரம் கொட்டிவிட்டுக் காத்திருந்தால், மீதியைத் தாங்க அது தயாராகும். அவசரப்பட்டால் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை, அந்தத் தண்ணீரே மண்ணைத் தூக்கிப் பிடிக்கும். அப்போது சாலையைத் தாங்குவது களி அல்ல, தண்ணீர்தான். நாலு என்று வந்ததால் காத்திருக்க வேண்டாம் என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்காக எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். சாலையின் அடியில், சரிவு முடிகிற இடத்தில், சிவப்பும் வெள்ளையும் அடித்த குச்சிகள் வரிசையாக நட்டிருக்கிறோம். மண் பக்கவாட்டில் நகர்ந்தால் குச்சி காட்டிக்கொடுக்கும். காரின் கதவுக் கம்பியை அளவுகோலாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். முதல் நாலு நேராக இருக்கின்றன. ஐந்தாவதும் ஆறாவதும் கொஞ்சம் வெளியே, தண்ணீரின் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. நேற்று சாயங்காலம் நான் அந்தப் பக்கம் நடந்தேன். சாய்ந்திருந்தால் பார்த்திருப்பேனே. ஆடு உரசியிருக்கும். இங்கே ஆடுகள் நிறைய, எதைக் கண்டாலும் முதுகைச் சொறிந்துகொள்ளும். ஆட்டைத் தேடுகிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஓர் ஆடு இல்லை. ஐந்தாவது குச்சி. நடுத் துளைக்கு நேர் எதிர். கதவுக் கம்பி சாய்ந்திருக்கலாம். என் தலை சாய்ந்திருக்கலாம். மறுபடி பார்க்கிறேன். புதுத் தார் மழையில் கழுவிய எருமையைப் போலப் பளபளக்கிறது. புதுத் தாரில் ஒன்றும் தெரியாது, அடியில் என்ன வெடிப்பு இருந்தாலும் மூடிவிடும். அதன் ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. வற்ற நேரம். கடல் பின்வாங்கும்போது கழியும் வற்றும். இதுவரை சரிவின் காலடியைத் தண்ணீர் ஒரு கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தது. வற்றினால் அந்தக் கையையும் எடுத்துவிடும். நேற்றைய வற்றம் பத்துக்கு முன்னாலேயே முடிந்தது. தினமும் முக்கால் மணி தள்ளிப்போகும். இன்றைக்குப் பத்து நாற்பது. பத்து நாற்பதுக்குப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? பிள்ளைகளின் நடைக்கு, பாதி வழி. ஐந்தாவது குச்சிக்கு நேரே.

இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் என்றால் ஆறு டன் இருக்கும். ஒரு ரோலர் அதைவிட அதிகம். மண் லாரி இருபத்தைந்து டன். அதெல்லாம் போய்வந்த சாலை. ஆகவே பிள்ளைகளால் ஒன்றும் ஆகாது. பிள்ளைகளால் ஆகாது, சரிதான். ஆனால் ஆகிற நேரத்தில் அவர்கள் அங்கே இருப்பார்கள். ஒப்பந்தக்காரரின் பொறியாளர் நாகரத்தினத்தைக் கூப்பிட்டேன். பந்தலுக்குள்தான் இருந்தார், வெள்ளைச் சட்டையில் ரோஜாப்பூ குத்தியிருந்தது. நான் காருக்குள் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "சார், எண்ணிக்கையில ஒரு தப்பு இருக்கு. களி நாம நினைச்சதுல பாதிதான் தாங்கும். ஐந்தாவது குச்சி சாஞ்சிருக்கு. இன்னைக்கு யாரும் மேல போக வேணாம்." அவர் திரும்பி என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். சிரித்த முகத்தை மாற்றாமலே பேசினார். "மேடம், விளையாடுறீங்களா? திறக்க வர்றவரு கார் டோல்கேட்ட தாண்டிடுச்சு." "விளையாடலை சார்." "சாலை விழும்னு சொல்றீங்களா?" "விழும்னு சொல்லலை. விழாதுன்னு என்னால சொல்ல முடியாது." "அது எந்த ரோட்டுக்கும் சொல்ல முடியாது மேடம்." சரியான பதில். நான் மாணவர்களுக்கு நடத்துகிற பாடமே அதுதான். "எழுத்துல குடுங்க" என்றார். "தப்பு என்னோடதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் மேடையில போய்ச் சொல்றேன். முடியுமா?" அவர் பந்தல் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். குரல் இறங்கியது. "உங்க பாப்பா இந்தக் கூட்டத்துல இருக்குல்ல? ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிடுங்க மேடம். நீங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல." போன் அணைந்தது. பந்தலுக்குள் அவர் இரண்டு கையாலும் சட்டையில் ரோஜாப்பூவைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே இறங்கினேன். வெயில். கால் தரையில் பட்டதும் ஒரு கணம் நின்றேன், தரை என் எடையை வாங்குகிறதா என்று. பதினேழு வருஷமாக இதைத்தான் செய்கிறேன், ஒருநாளும் என் காலுக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை. ஒரு சாக்கு. எவ்வளவு சின்ன வேலை. காய்ச்சல் என்றால் போதும். இவளைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினால், பிறகு எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். பிறகு நிதானமாக மேடைக்குப் போய்ச் சொல்லலாம். சொல்வேன். சொல்லத்தான் போகிறேன். முதலில் இவள் காரில். என் கையெழுத்து, என் பெயர், வசுமதி, கீழே தேதி, அலுவலக முத்திரை. நாளைக்கு இந்த மூன்று துளைகளோடு நிற்காது, நான் பார்த்த எல்லா மண்ணையும் தோண்டிக் கேட்பார்கள். ஒருவேளை சன்னாசி எல்லா இடத்திலும் அப்படி எண்ணாமல் இருந்திருந்தால்? ஒருவேளை இந்தச் சாலை அறுபது வருஷம் அப்படியே நின்றுவிட்டால்? ஒன்றும் நடக்காத ஒரு நாளுக்காக நான் என்னையே இடித்துக்கொண்டதாகும். ஒன்றும் நடக்காது. நூற்றுக்குத் தொண்ணூறு ஒன்றும் நடக்காது. மீதிப் பத்தில் கமலி இல்லாவிட்டால். இதை நினைத்தது நான்தானா என்று நின்று பார்த்தேன். நான்தான். தொண்ணூறு என்பதை எங்கிருந்து எடுத்தேன் என்றும் தெரியவில்லை. அதையும் எந்த அடியும் விழாமலே எண்ணிவிட்டேன் போல.

பிள்ளைகளை இரண்டிரண்டாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். "ஏய், கோட்ட மிதிக்காத! செருப்பு எங்கடா உனக்கு?" என்று ஒரு டீச்சர் கத்திக்கொண்டிருந்தாள். கமலி முன்னாலிருந்து மூன்றாவதாக நின்றாள், பக்கத்தில் ரேஷ்மா. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது, அம்மாக்கள் வரிசைக்குள் வருவது எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. நெற்றியில் கை வைத்தேன். "உடம்பு சுடுதே கண்ணு. வா, வீட்டுக்குப் போயிடலாம்." "சுடல. வெயில்ல நிக்கிறேன், அதான்." "காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு." "காய்ச்சல் இல்லம்மா. காலையில மூணு இட்லி சாப்பிட்டேன்ல." ரேஷ்மா சிரித்தாள். நான் கமலியின் கையைப் பிடித்து இரண்டடி தள்ளிக் கூட்டிப் போனேன். அவள் திரும்பித் திரும்பித் தன் இடத்தையே பார்த்தாள். மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். டங், டங். குனிந்து அவள் காதருகே சொன்னேன். "அம்மா எண்ணினதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. இந்த ரோட்டுக்கு அடியில இருக்கிற மண்ணு ரொம்ப லேசானது. தாங்காம போனாலும் போகும். அதான் கூப்பிடறேன்." அவள் சாலையைப் பார்த்தாள். பிறகு என்னை. கண்ணில் பயம் இல்லை, கணக்கு வாத்தியாரின் பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "மிஸ்கிட்ட சொல்லிட்டியா?" "இன்னும் இல்ல." "இவங்க எல்லாம்?" "சொல்லத்தான் போறேன். நீ முதல்ல வந்து கார்ல உக்காரு. உன்னை உக்கார வெச்சுட்டு நேரா மேடைக்குப் போய்ச் சொல்லிடறேன்." சொல்லும்போதே, அவளை உட்கார வைத்த பிறகு என் கை காரின் சாவியைத் திருப்பும் என்று எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் தெரியவில்லை, அந்த விநாடியில் தெரிந்தது. இவளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. பெரிய கார்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. மேளம் தொடங்கியது. கமலி என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். இடத்தை விட்டால் பின்னால் இருப்பவள் வந்து நின்றுகொள்வாள் என்றாள். நான் மேடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரும்வரை அங்கேயே நிற்பதாகச் சொல்லிவிட்டு, வரிசைக்குத் திரும்பிப் போனாள்.